மீட்டர் போர்டு வெளிச்சம்: பழைய பல்பா, நீல எல்.ஈ.டி.யா, ஆம்பரா?

மச்சான் காரில் நீலம். என் காரில் இப்போது ஆம்பர், அதாவது இண்டிகேட்டர் விளக்கின் நிறம். அதற்கு முன்னால் பதினேழு வருடம் கம்பெனியில் போட்டு வந்த பழைய பல்பு, பச்சை. மூன்றையும் ஒரே சாலையில், கீழக்கரையிலிருந்து சாயல்குடி போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், ராத்திரி நேரத்தில் ஓட்டிப் பார்த்த பிறகுதான் இதை எழுதுகிறேன்.

ஸ்பீடோமீட்டரில் 80க்கு மேலே உள்ள பாதி இருண்டுபோனதில் ஆரம்பித்தது. பின்னால் இருக்கும் ஐந்து பல்பில் இரண்டு போய்விட்டன. எப்படியும் மீட்டர் போர்டைக் கழற்றத்தான் வேண்டும், அப்படியே எல்.ஈ.டி.க்கு மாறிவிடலாமே என்று தோன்றியது.

விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. பத்து எல்.ஈ.டி. எனக்கு 200 ரூபாய்க்குள் முடிந்தது. எல்.ஈ.டி. அவ்வளவாகச் சூடாகாது, கரண்ட் குறைவாக எடுக்கும், குண்டும் குழியுமான ரோட்டில் இழை அறுந்துபோகும் பயம் இல்லை. இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

முதலில் நீலம். "நீலம் போட்டுப் பாரு மாப்ள, வண்டி அப்படியே புதுசா தெரியும்" என்றார் மச்சான். ராமநாதபுரம் டவுனுக்குள் தெருவிளக்கு வெளிச்சத்தில் பார்த்தால் அவர் சொன்னது உண்மைதான், அழகாகத்தான் இருந்தது. ஏர்வாடி தாண்டினால் கதை வேறு. ஊருக்கும் ஊருக்கும் நடுவே இரண்டு பக்கமும் சீமைக்கருவேலமும் பனையும்தான். எதிரே வண்டி வராவிட்டால் நம் ஹெட்லைட்டைத் தவிர வெளிச்சமே கிடையாது. அந்த இருட்டில் நீல மீட்டர் முகத்துக்கு நேராக எரிகிறது. வலதுபக்க ஜன்னல் கண்ணாடியில் அதன் பிம்பம் விழுந்து சைடு மிர்ரரைப் பாதி மறைக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமா, வயது அறுபத்தைந்து, "என்னப்பா, நம்பரெல்லாம் கலங்கலாத் தெரியுது" என்றார். அவர் கண்ணில் கோளாறு இல்லை. நீல ஒளி கண்ணுக்குள் விழித்திரைக்குச் சற்று முன்பாகவே குவிந்துவிடும். அதனால் நீல எழுத்தின் ஓரம் யாருக்குமே கொஞ்சம் மங்கலாகத்தான் தெரியும், வயதானவர்களுக்கு இன்னும் அதிகம். இருட்டில் நமக்குப் பார்வை தரும் கோல் செல்களும் நீலப்பச்சை ஒளியில்தான் அதிகம் கூசும். கூசிய கண் முழுசாக இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். அதற்குள் நாம் சாயல்குடியே போய்ச் சேர்ந்துவிடுவோம்.

இன்னொன்று, ஹை பீம் போட்டிருக்கிறோம் என்று காட்டும் விளக்கும் நீலம்தான். மீட்டர் முழுக்க நீலமாக இருந்தால் அது தனியாகக் கண்ணில் படாது. எதிரே வந்த பஸ் டிரைவர் இரண்டு தடவை லைட் அடித்துக் காட்டிய பிறகுதான் மச்சான் ஹை பீமைக் குறைத்தார்.

ஆனால் நான் ஆம்பர் பக்கம் சாய்ந்ததற்குப் பெரிய காரணம் நிறம் இல்லை. வெளிச்சத்தை எவ்வளவு தூரம் குறைக்க முடிகிறது என்பதுதான் என் கணக்கு. கடையில் எல்லோரும் எது பளிச்சென்று எரியும் என்று கேட்டுத்தான் வாங்குகிறார்கள். ராத்திரி ஓட்டுகிறவனுக்கு வேண்டியது அதற்கு நேர்மாறானது. வாலிநோக்கம் விலக்குப் பக்கம் பின்விளக்கு இல்லாத மொபெட்டில் மீன் பெட்டி கட்டிக்கொண்டு ஒருவர் போவார். மீட்டர் வெளிச்சம் தாழ்ந்திருந்தால் அவரைக் கொஞ்சம் முன்னதாகவாவது பார்த்துவிடலாம்.

பழைய பல்பு இதில் கெட்டிக்காரன். ஸ்டீயரிங் பக்கத்தில் இருக்கும் சின்னச் சக்கரத்தைத் திருப்பினால் படிப்படியாக அடங்கி, கடைசியில் தணல் போல நிற்கும். பழைய வண்டிகளில் அந்தச் சக்கரத்துக்குப் பின்னால் இருப்பது ஒரு மின்தடைக் கம்பிச் சுருள். ஒரு பல்பு 1.2 வாட், அதாவது 100 மில்லி ஆம்பியர். ஐந்து பல்பு சேர்ந்து அரை ஆம்பியர் இழுத்தால்தான் அந்தச் சுருளில் வோல்ட் நன்றாக இறங்கும். எல்.ஈ.டி. ஒன்று சுமார் 20 மில்லி ஆம்பியர்தான் எடுக்கும். ஐந்தும் சேர்ந்தாலும் 100தான். சுருள் 10 ஓம் என்று வைத்துக்கொண்டால் ஒரே ஒரு வோல்ட் இறங்கும். சக்கரத்தை எந்தக் கோடிக்குத் திருப்பினாலும் வெளிச்சம் பெரிதாக அசையாது. மச்சான் காரில் நடப்பது இதுதான்.

நான் செய்தது இரண்டு காரியம். ஏ.சி. குமிழ்களுக்குப் பின்னால் இருக்கும் பழைய பல்புகளைத் தொடவே இல்லை. அவையும் அதே சக்கரத்தின் வழியாகத்தான் கரண்ட் எடுக்கின்றன. அவை இழுக்கிற இழுப்பில் எல்.ஈ.டி.களுக்குப் போகும் வோல்ட்டும் சேர்ந்து இறங்குகிறது. இரண்டாவது, ஆம்பர் எடுத்தேன். நீல, வெள்ளை எல்.ஈ.டி. சில்லு ஒன்றுக்கு 3 வோல்ட் வேண்டும். ஒரு எல்.ஈ.டி.க்குள் மூன்று சில்லு வரிசையாக இருந்தால் 9 வோல்ட் பக்கம் வரும்போதே திணறி, சட்டென்று அணைந்துவிடும். ஆம்பருக்கு 2 வோல்ட்தான், மூன்றுக்கு 6. அதனால் இன்னும் கீழே வரை அணையாமல் மெல்ல அடங்குகிறது. பல்பு அளவுக்கு நயமாக இல்லை, முக்கால்வாசி கிடைக்கிறது. எனக்கு அது போதும்.

சிவப்பு போட்டால் கண்ணுக்கு இன்னும் நல்லது என்பார்கள், சரிதான். ஆனால் ஆயில், பேட்டரி எச்சரிக்கை விளக்குகள் சிவப்பு. அவை கூட்டத்தில் தொலையக்கூடாது. ஆம்பரிலும் ஒரு குறை உண்டு. டீசல் குறைந்தால் எரியும் விளக்கும் அதே நிறம். அதனால் விளக்கை நம்பாமல் முள்ளைப் பார்த்தே பழகிவிட்டேன்.

மாற்றப்போகிறவர்கள் பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கில் மட்டும் கை வைக்காதீர்கள். பல பழைய வண்டிகளில், பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் வேலை தொடங்க வேண்டிய முதல் கரண்ட் அந்த பல்பின் இழை வழியாகத்தான் போகிறது. எல்.ஈ.டி. அவ்வளவு கரண்டை விடாது. வண்டி ஓடும், சார்ஜ் ஏறாது. இரண்டு பக்க இண்டிகேட்டருக்கும் ஒரே ஒரு விளக்கு இருக்கிற வண்டியில் அதையும் விட்டுவிடுங்கள், எல்.ஈ.டி. போட்டால் ஒரு பக்கம்தான் எரியும்.

அப்புறம் நம் ஊர் உப்புக்காற்று. என் போர்டைக் கழற்றியபோது ஹோல்டரின் செம்புக் கால்களில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் தாளில் ஓடும் செம்புப் பட்டையிலும் அதே கதை. போய்விட்டன என்று நினைத்த இரண்டு பல்பில் ஒன்று போகவே இல்லை, களிம்புதான் தொடர்பைத் தடுத்திருந்தது. பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்தாலே போதும். உப்புத்தாள் போட்டால் பட்டை கிழிந்துவிடும். எல்.ஈ.டி.யின் அடிப்பாகம் பழைய பல்பைவிடச் சற்று மெல்லிசாக இருப்பதால் ஹோல்டரில் ஆடும். கால் கம்பியைக் கொஞ்சம் வெளியே வளைத்துவிட்டால் பிடித்துக்கொள்ளும். மாட்டியதும் பார்க்கிங் லைட்டைப் போட்டுப் பாருங்கள். எரியாவிட்டால் அரைச்சுற்று திருப்பி மாட்ட வேண்டும், எல்.ஈ.டி.க்குப் பிளஸ் மைனஸ் உண்டு. ஸ்க்ரூ எல்லாம் முடுக்கிய பிறகு இது தெரிய வந்தால் வேலை இரட்டிப்பு.

பச்சை எனக்குப் பிடிக்காமல் மாற்றவில்லை. பல்பு நன்றாக எரிந்துகொண்டிருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்வேன். நான் மாற்றிப் பதினான்கு மாதம்தான் ஆகிறது. இரண்டு மழைக்காலம் தாங்கியிருக்கிறது, ஐந்து வருடத்துக்கு உத்தரவாதம் தர என்னிடம் அனுபவம் இல்லை. எண்கள் திரையில் வரும் புது வண்டிகளையும் நான் கழற்றிப் பார்த்ததில்லை. இங்கே சொன்னதெல்லாம் முள் மீட்டர் வண்டிக்குத்தான்.

கழற்றிய பல்புகளில் நல்லதாக இருந்த நான்கையும், தலையில் மாட்டியிருந்த பச்சை ரப்பர் குல்லாவோடு, மாத்திரை டப்பாவில் போட்டு டேஷ்போர்டு அறைக்குள் வைத்திருக்கிறேன். வண்டியை விற்கும்போது வாங்குகிறவர் பழையபடி வேண்டும் என்று கேட்டால் அரை மணி நேரத்தில் மாட்டிக் கொடுத்துவிடலாம்.