பிக்அப்புக்கு டெம்பரேச்சர் மீட்டர் போடப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டுப் போங்கள்

டர்போ டீசல் பிக்அப் வைத்திருப்பவர்கள், அதிலும் பாரம் ஏற்றிக்கொண்டு காராக் மலை நெடுஞ்சாலையில் ஏறி இறங்குகிறவர்கள், தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள். இன்ஜின் சூட்டைக் காட்டும் என்று வெளியே வாங்கிப் பொருத்திய ஒரு மீட்டரை நம்பி என் டொயோட்டா ஹைலக்ஸின் இன்ஜின் ஹெட்டை, அதாவது இன்ஜினின் மேல்பாகத்தை, பறிகொடுத்தேன். அந்த மீட்டரே இல்லாமல் இருந்திருந்தால் வண்டியை முன்னாலேயே நிறுத்தியிருப்பேன். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

வீடு கோலாலம்பூர் செந்தூலில். அப்பா விட்டுப்போன சின்ன டுரியான் தோட்டம் பெந்தோங் பக்கம். சனிக்கிழமை போய் ஞாயிறு மாலை திரும்புவோம். போகும்போது கோம்பாக் டோலைத் தாண்டியதிலிருந்து கெந்திங் செம்பா வரை ஏற்றம். வரும்போது புக்கிட் திங்கியிலிருந்து மறுபடி ஏற்றம், அப்போது பின்னால் பாரமும் இருக்கும்.

தனி மீட்டர் எதற்கு என்று சிலர் கேட்கலாம். பல வண்டிகளில் கம்பெனி கொடுக்கும் முள் உண்மையான சூட்டைக் காட்டுவதில்லை. இன்ஜின் 80 டிகிரியைத் தொட்டதும் அது நடுவில் போய் உட்காரும். அதற்குப் பிறகு 90 ஆனாலும் சரி, 100 ஆனாலும் சரி, அங்கேயே நிற்கும். முள் கொஞ்சம் அசைந்தாலே ஓட்டுகிறவர்கள் பயந்துபோய் சர்வீஸ் சென்டருக்கு ஓடுகிறார்கள் என்று வேண்டுமென்றே அப்படிச் செய்து வைத்திருக்கிறார்கள். ஒருவழியாக அது எழும்பும்போது காரியம் கெட்டிருக்கும். டர்போ வண்டி மேடு ஏறும்போது இன்ஜினுக்குள் எரியும் டீசலும் அதிகம், ரேடியேட்டர் வெளியேற்ற வேண்டிய சூடும் அதிகம். என் மாமாவின் வண்டி இப்படித்தான் போனது. அதனால் எண்ணோடு காட்டும் மீட்டர் ஒன்று வேண்டும் என்று முடிவு செய்தேன். அந்த முடிவு தவறில்லை, இப்போதும் சொல்கிறேன்.

தெரிந்தவர் சொல்லி கெப்போங் பக்கம் ஒரு பட்டறைக்குப் போனேன். பெயர் சொல்லப் போவதில்லை. ஃபோர்மேன் இளவயதுத் தம்பி, மரியாதையாகப் பேசினார். “ஓரிஜினல் ஜப்பான் மீட்டர் அண்ணே, ரேஸ் வண்டிக்கெல்லாம் இதான் போடுறோம்” என்று பெட்டியைக் காட்டினார். மீட்டர் 420 ரிங்கிட், ஹோஸில் பொருத்தும் அடாப்டர் 60, கூலி 180. மொத்தம் 660. ரசீது கேட்டேன். பில் புத்தகம் முடிந்துவிட்டது என்று அந்தப் பெட்டியின் மேலேயே எழுதிக் கொடுத்தார். நல்லவேளை, பணத்தை பேங்க் வழியாக அனுப்பியிருந்தேன்.

சென்சாரைக் கீழ் ஹோஸில் பொருத்தினார். மேல் ஹோஸில்தானே போடச் சொல்வார்கள் என்று கேட்டேன். “கீழ போட்டாலும் அதே தண்ணிதானே அண்ணே” என்றார். மேல் ஹோஸுக்குக் கை போக வேண்டுமென்றால் காற்றுக் குழாயைக் கழற்ற வேண்டும், அரை மணி நேர வேலை. அந்த அரை மணி நேரத்தை மிச்சம் பிடிக்கத்தான் அப்படிச் சொன்னார் என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது. இன்ஜினில் சூடான தண்ணீர் மேல் ஹோஸ் வழியாக ரேடியேட்டருக்குப் போகிறது. அங்கே ஆறிய தண்ணீர் கீழ் ஹோஸ் வழியாகத் திரும்புகிறது. கீழே அளந்தால் ரேடியேட்டர் எவ்வளவு ஆற்றியது என்பதுதான் தெரியும், இன்ஜின் எவ்வளவு வெந்தது என்பது தெரியாது.

முதல் வாரத்திலேயே ஒன்றைக் கவனித்தேன். மாலையில் ஹெட்லைட் போட்டால் முள் ஐந்தாறு டிகிரி கீழே இறங்கியது. அணைத்தால் ஏறியது. போன் போட்டுக் கேட்டேன். “ராத்திரி காத்து குளிர்ச்சியா இருக்கும் அண்ணே, அதான்” என்றார். நானும் சரி என்று விட்டுவிட்டேன். விளக்கைப் போட்ட அந்த நொடியில் காற்று எப்படிக் குளிரும் என்று யோசித்திருக்க வேண்டும். உங்கள் வண்டியில் இப்படி நடந்தால் அன்றைக்கே எர்த் வயரைப் பாருங்கள்.

பிறகு ஜூலை மாதம் ஒரு ஞாயிறு மாலை, பின்னால் பத்துக் கூடை டுரியான். நான், மனைவி, அக்கா மகள். புக்கிட் திங்கி தாண்டி ஏறும்போது ஏர்கானில் குளிர் குறைந்தது. கொஞ்ச நேரத்தில் பாகு காய்ச்சுவது போல ஓர் இனிப்பு வாசனை. “மாமா, என்ன வாசனை?” என்று அக்கா மகள் கேட்டாள். மீட்டரைப் பார்த்தேன், 78. டுரியான் வாசனையாக இருக்கும் என்று சொல்லிவிட்டு மிதித்துக்கொண்டே போனேன். 78 என்றால் யார்தான் நிறுத்துவார்கள்? அந்த வாசனை சூடான கூலண்ட், அதாவது இன்ஜினை ஆற்றும் திரவம், ஒழுகும் வாசனை.

கெந்திங் செம்பா சுரங்கப் பாதைக்குக் கொஞ்சம் முன்னால் இழுவை போனது. பானட் விளிம்பில் வெள்ளையாக ஆவி. ஓரம் கட்டி நிறுத்தும்போதுதான் கம்பெனி முள் சிவப்பில் நிற்பதைப் பார்த்தேன். எங்கள் மீட்டர் அப்போதும் 70க்குப் பக்கத்தில் இருந்தது. 110 டிகிரியில் அலறும் என்று சொல்லிக் கொடுத்த பஸர் ஒரு சத்தமும் போடவில்லை.

இழுவை லாரி வைத்து செந்தூலில் எங்கள் குடும்பத்துக்குப் பழக்கமான ஒரு பெரியவரின் பட்டறைக்குக் கொண்டுபோனோம். ஆயில் கம்பியை உருவினால் எண்ணெய் தே தாரிக் (பால் தேநீர்) நிறத்தில் இருந்தது. ஹெட்டுக்கும் அதன் கீழே உள்ள பிளாக்குக்கும் நடுவே அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கெட் போய் தண்ணீரும் எண்ணெயும் கலந்துவிட்டது. இந்த இன்ஜினில் ஹெட் அலுமினியம், பிளாக் வார்ப்பிரும்பு. அதிகச் சூட்டில் அலுமினியம் வளைந்துகொள்ளும். ஹெட்டை மட்டம் பார்த்து, தேய்த்து, கேஸ்கெட் மாற்றி, எண்ணெய் கழுவி, எல்லாம் சேர்த்து 5,200 ரிங்கிட்.

கீழ் ஹோஸில் அடாப்டர் பொருத்திய இடத்தைப் பெரியவர் காட்டினார். ஹோஸைக் கத்தியால் கோணலாக அறுத்திருந்தார்கள். கிளிப்புக்கு அடியில் இளஞ்சிவப்பாகக் காய்ந்த உப்புப் படிவு. பல வாரங்களாகச் சொட்டுச் சொட்டாக ஒழுகியிருக்கிறது. போதாததற்கு, வேலை செய்தபோது இறக்கிய கூலண்டுக்குப் பதிலாக வெறும் குழாய்த் தண்ணீரை ஊற்றியிருந்தார்கள். ரேடியேட்டர் மூடி உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கும் வரை தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். ஒழுக்கு இருந்தால் அந்த அழுத்தம் நிற்காது, சீக்கிரமே கொதித்துவிடும். தண்ணீர் குறைந்து சென்சாரைச் சுற்றி ஆவியும் காற்றும் வந்துவிட்டால் மீட்டர் இன்னும் குறைவாகக் காட்டும். இன்ஜின் வேகும்போது முள் கீழே போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, மீட்டராவது நல்லதா என்று பார்த்துவிடலாம் என்றார். ஹோஸிலிருந்து கழற்றிய அடாப்டர், சென்சாரும் வயர்களும் அப்படியே இருக்க, வண்டிக்குப் பக்கத்தில் தொங்கியது. சின்ன கேஸ் அடுப்பை வைத்து, ஒரு சட்டியில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, அடாப்டர் சட்டியில் படாமல் கயிறு கட்டி உள்ளே இறக்கினார். தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது. கோலாலம்பூரில் கொதிக்கும் தண்ணீர் கிட்டத்தட்ட 100 டிகிரி, அதற்குத் தெர்மாமீட்டர் தேவையில்லை. மீட்டரில் 71. என்னை ஹெட்லைட் போடச் சொன்னார். 65. அப்புறம் தடித்த வயர் ஒன்றை எடுத்து, ஒரு முனையை அடாப்டரில் கவ்வவிட்டு, மறு முனையை பேட்டரியின் நெகட்டிவில் வைத்தார். முள் மெதுவாக ஏறி 93இல் நின்றது. என் மனைவி அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் வெளியே போய் நின்றாள்.

காரணம் இதுதான். அது ஒற்றை வயர் சென்சார். தன் உடம்பு வழியாகத்தான் அதற்கு எர்த் கிடைக்க வேண்டும். ரப்பர் ஹோஸின் நடுவே இருக்கும் அடாப்டருக்கு இன்ஜினோடு தொடர்பே கிடையாது, தனி எர்த் வயர் இழுக்க வேண்டும். தம்பி இழுத்திருந்தார், ஆனால் பெயிண்ட் சுரண்டாத ஒரு போல்ட்டுக்கு அடியில் செருகியிருந்தார். மீட்டருக்கும் ஹெட்லைட்டோடு எரியும் அதன் விளக்குக்கும் அதே போல்ட், அதனால்தான் ஹெட்லைட் போட்டதும் முள் இறங்கியது. இந்த வகை சென்சாரில் சூடு ஏற ஏற மின்தடை குறையும். எர்த் சரியில்லையென்றால் தடை கூடும், கூடினால் மீட்டர் அதைக் குளிர்ச்சி என்று எடுத்துக்கொள்ளும். அதாவது கெட்ட எர்த் எப்போதும் ‘எல்லாம் நலம்’ என்றுதான் சொல்லும். எர்த் சரியான பிறகும் ஏழு டிகிரி குறைவு. அக்கா மகள் இணையத்தில் தேடி அதே பெட்டி, அதே மீட்டரைக் கண்டுபிடித்தாள். விலை 65 ரிங்கிட். ஜப்பானும் இல்லை, ஒன்றும் இல்லை.

பட்டறைக்குத் திரும்பப் போனேன். தண்ணீர் பார்க்காமல் ஓட்டியது உங்கள் தவறு அண்ணே என்றார் தம்பி. முதலாளி 100 ரிங்கிட் தருகிறேன், பெரிதாக்காதீர்கள் என்றார். வாங்கவில்லை. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு போட்டிருக்கிறேன். சொந்த உபயோகத்துக்கு வாங்கிய பொருள், சேவை என்றால் 50,000 ரிங்கிட் வரை அங்கே கோரலாம். மனுவுக்கு 5 ரிங்கிட்தான், வக்கீல் தேவையில்லை, மூன்று வருடத்துக்குள் போட வேண்டும். பேங்க் ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, பெட்டி மேல் எழுதிய கணக்கு எல்லாம் இப்போது உதவுகிறது. நீங்களும் எதையும் அழித்துவிடாதீர்கள்.

மீட்டர் போடுகிறவர்கள் பட்டறையிலேயே நின்று பாருங்கள். பொருத்துவதற்கு முன்னால் சென்சாரைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். முடியாது என்றால் வேறு இடம் போங்கள். எர்த் வயர் நேராக பேட்டரி நெகட்டிவுக்கோ, சுத்தமாகச் சுரண்டிய இன்ஜின் போல்ட்டுக்கோ போகட்டும். சென்சார் மரையில் கசிவை அடைக்கும் வெள்ளை டேப்பைக் கனமாகச் சுற்றினாலும் எர்த் போய்விடும். நாலைந்து நாள் ஓட்டிய பிறகு இன்ஜின் ஆறியிருக்கும்போது ஹோஸ் கிளிப்புகளை மறுபடி இறுக்கிப் பாருங்கள்.

இன்னொன்று. மேட்டில் முள் ஏறினால், தண்ணீர் ஒழுகாத வரை, ஏர்கானை அணைத்து, கியரைக் குறைத்து, ஓரம் கட்டி இன்ஜினை ஐடிலில் விடுங்கள். ஆவி வந்துவிட்டால் உடனே அணையுங்கள். ரேடியேட்டர் மூடியை மட்டும் சூட்டில் திறக்காதீர்கள், முகம் வெந்துவிடும்.

இப்போது பெரியவர் மேல் ஹோஸில் வேறு மீட்டர் போட்டுக் கொடுத்திருக்கிறார். சமதரையில் 87, பாரத்தோடு புக்கிட் திங்கி மேட்டில் 96. போன வாரம் ஒரு முறை 99 தொட்டது. ஏர்கானை அணைத்துவிட்டு மெதுவாக ஏறினேன், செம்பா வருவதற்குள் 92க்கு இறங்கிவிட்டது. பழைய மீட்டரைப் பெட்டியோடு அலமாரியில் வைத்திருக்கிறேன். விசாரணைக்கு இன்னும் தேதி வரவில்லை.