கிராங்க் ஆயில் சீல்: இரண்டு முறை மாற்றி, 40,000 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு

வண்டி 1,20,000 கிலோமீட்டரைத் தாண்டியிருந்த சமயம், இன்ஜினுக்கு அடியில் ஆயில் சொட்ட ஆரம்பித்தது. சம்ப் (இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) பேக்கிங் போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். கிராங்க் ஷாஃப்ட் இன்ஜினை விட்டு வெளியே வரும் இடத்தில் ஆயிலைத் தடுத்து நிற்கும் வளையம்தான் கிராங்க் சீல். முன்பக்க சீல் கசிந்தால் அப்படித்தான் ஏமாற்றும். கிராங்க் முனையில் சுற்றுகிற புல்லி ஆயிலை வாரியிறைத்துவிடும், அது வழிந்து சம்பின் ஓரத்தில் வந்து நிற்கும். எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, பத்து நிமிடம் இன்ஜினை ஓடவிட்டு அணைத்து, டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் புல்லியின் முதுகில் ஈரம் தெரிந்தது.

முதல் முறை ஒர்க்ஷாப்பில் மாற்றினேன். எட்டு மாதம் நன்றாக இருந்தது, மறுபடியும் அதே சொட்டு. சீல் டூப்ளிகேட்டாக இருக்கும் என்றார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. சரி, இந்த முறை நாமே கழற்றிப் பார்ப்போம் என்று இறங்கினேன்.

என் இன்ஜினில் கிராங்க்கையும் வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்டையும் இணைப்பது டைமிங் செயின். அதனால் சீல் வெளியே டைமிங் கவரில் இருக்கிறது, புல்லியைக் கழற்றினால் போதும். டைமிங் பெல்ட் உள்ள வண்டிகளில் பெல்ட்டையும் ஸ்ப்ராக்கெட்டையும் (பல்சக்கரம்) எடுத்தாக வேண்டும். ஆயிலில் ஊறிய பெல்ட்டைத் திரும்ப மாட்டக்கூடாது.

புல்லியைக் கையில் வாங்கியதும் விஷயம் புரிந்தது. சீலின் உதடு, அதாவது உள்விளிம்பு, உரசும் இடத்தில் மெல்லிய பள்ளம் ஒரு கோடாக விழுந்திருந்தது. நகத்தை ஓட்டினால் டக்கென்று மாட்டியது. புது சீலும் அதே பள்ளத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது, பாவம் அது என்ன செய்யும்? கால் மில்லிமீட்டர் கனமுள்ள ரிப்பேர் ஸ்லீவ் (மெல்லிய உலோக உறை) ஒன்றை அதன்மேல் ஏற்றினேன். சீல் பழைய அளவுதான்.

அப்புறம் இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வு. கழற்றிக் குலுக்கினால் கடகடவென்று சத்தம் வரவேண்டும். என்னுடையது கரி பிடித்து ஊமையாகிக் கிடந்தது. இன்ஜினுக்குள் சேரும் காற்றழுத்தம் வெளியேற வழியில்லாவிட்டால் சீலைத்தான் தள்ளும். அதையும் மாற்றினேன்.

சீல் வைட்டான் ரப்பர்; உதட்டில் புது ஆயில் தடவி, சீலின் விளிம்பளவு உள்ள பைப் துண்டை வைத்து நேராகத் தட்டி இறக்கினேன். டெஃப்லான் சீல் என்றால் ஆயில் தடவாமல் உலர்வாகவே போடவேண்டும், இதைப் பலர் மாற்றிச் செய்கிறார்கள். மொத்த வேலையிலும் என்னைப் படுத்தியது புல்லி போல்ட்தான். அரை நாள் அதற்கே போனது. கோணக் கணக்கில் முறுக்கும் ரகம், முறுக்கும்போது சற்று நீண்டுவிடும் என்பதால் புது போல்ட்.

மூன்று வருடம், 40,000 கிலோமீட்டர் ஆகிறது. புல்லிக்குப் பின்னால் விரலை விட்டால் வறண்ட தூசிதான் ஒட்டுகிறது. ஒரு ஆயில் மாற்றத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் ஆயில் ஊற்ற வேண்டிய தேவையே வரவில்லை. போன மாதம் அடியில் பார்த்தால் சம்ப் பேக்கிங்கில் லேசான ஈரம். இந்த முறை நிஜமாகவே அதுதான், துடைத்துப் பார்த்துவிட்டேன்.