எந்த மாநிலத்தில் வேலை போனால் தேவலாம்?

அமெரிக்காவில் லேஆஃப் பேச்சு கிளம்பியதும் "60 நாள் முன்னாலேயே சொல்லியாகணும், சட்டம் இருக்கு" என்று யாராவது தைரியம் சொல்வார்கள். 1988-இல் வந்த வார்ன் என்கிற மத்திய சட்டம் அது. இருக்கிறதுதான், ஆனால் ஓட்டை பெரிது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்: 400 பேர் உள்ள ஆபீஸ், எந்தப் பிரிவையும் மூடாமல் 120 பேரை அனுப்புகிறார்கள். சட்டம் கேட்கிறபடி நிறுவனத்தில் 100 பேருக்கு மேல் இருக்கிறார்கள், போகிறவர்களும் 50-ஐத் தாண்டிவிட்டார்கள், ஆனால் 500-க்குக் கீழே என்றால் அவர்கள் அந்த ஆபீஸில் மூன்றில் ஒரு பங்காகவும் இருக்க வேண்டும். 120 என்பது 30 சதவீதம். மத்திய சட்டப்படி நோட்டீஸ் கிடையாது.

நியூயார்க்? 90 நாள், 50 பேர் கொண்ட நிறுவனத்துக்கே பொருந்தும் என்று கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அங்கேயும் 250 பேர் வரை அதே மூன்றில் ஒரு பங்கு கணக்குதான், நம் 120 பேரும் அம்போ. கலிஃபோர்னியாவில் 75 பேர் இருந்தாலே சட்டம் பொருந்தும், 30 நாளுக்குள் 50 பேரை வேலையை விட்டு எடுத்தால் போதும், பங்குக் கணக்கே இல்லை. 60 நாள் நிச்சயம்.

என் ஓட்டு நியூஜெர்சிக்கு. 2023 ஏப்ரலிலிருந்து அங்கே 90 நாள் நோட்டீஸோடு, வேலை பார்த்த ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு வாரச் சம்பளமும் தந்தாக வேண்டும், நோட்டீஸில் நாள் குறைந்தால் இன்னும் நாலு வாரம். "வழக்குப் போட மாட்டேன்னு கையெழுத்துப் போடு, அப்புறம்தான் பணம்" என்கிற பேரமும் இந்தத் தொகையில் நடக்காது.

சரி, எச்1பி என்கிற வேலை விசாவில் இருப்பவர்களுக்குக் கதை வேறு. வேலை போனபின் நாட்டில் தங்க அதிகபட்சம் 60 நாள், ஐ-94 (எதுவரை தங்கலாம் என்று தேதி போட்ட பதிவு) அதற்கு முன்பே முடிந்தால் அதுவரைதான். என் நண்பனுக்கு ஒரு திங்கட்கிழமை பேட்ஜ் வேலை செய்யவில்லை, அன்றைக்கே நாள் எண்ண ஆரம்பித்துப் பெட்டி கட்டவும் தொடங்கிவிட்டான். வேலைநீக்கக் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் சம்பளப் பட்டியலில் இருக்கும் கடைசி நாள் என்று இரண்டு மாதம் தள்ளி ஒரு தேதி இருந்ததை அவன் மனைவிதான் பார்த்தாள். பொதுவாக அந்த 60 நாள் அங்கிருந்துதான் ஓடும். நோட்டீஸுக்குப் பதில் மொத்தப் பணமாகக் கொடுத்து அன்றே கணக்கு முடித்தால் கையில் காசு அதேதான், ஆனால் விசா நாள் ஒன்றுகூட அதிகமாகாது.