சிலிண்டரா, செறிவூட்டியா: முதியோர் இல்லத்திற்கு எது பொருந்தும்?

எங்கள் முதியோர் இல்லத்தில் நாள் முழுவதும் ஆக்சிஜன் தேவைப்படுவோர் மூவர் ஆனபோது, சிலிண்டரிலேயே தொடர்வதா, அறைக்காற்றிலிருந்தே ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் செறிவூட்டிக்கு மாறுவதா என்று முடிவெடுக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. நான் செறிவூட்டியைத் தேர்ந்தெடுத்தேன்.

சிலிண்டருக்கு மின்சாரம் தேவையில்லை, ஓசையும் இல்லை. ஆனால் 1,500 லிட்டர் சிலிண்டர், நிமிடத்திற்கு 2 லிட்டர் வீதம் பன்னிரண்டரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். நள்ளிரவில் அதை மாற்றுவது தனியாக இருக்கும் பணியாளருக்குப் பெரும்பாடு.

செறிவூட்டி, அறைக்காற்றின் நைட்ரஜனைச் சியோலைட் துகள்களில் பிடித்து வைத்துக்கொண்டு, பொதுவாக 90 முதல் 96 விழுக்காடு வரை தூய்மையுள்ள ஆக்சிஜனைத் தருகிறது. தீர்ந்துபோகும் கவலை இல்லை. பராமரிப்பில் தவறினால் மட்டும் அது ஓசையின்றி ஏமாற்றிவிடும். ஒருநாள் இரவு, மூதாட்டி ஒருவரின் இரத்த ஆக்சிஜன் அளவு 86 விழுக்காட்டுக்கு இறங்கியது. ஆக்சிஜன் ஓட்டத்தைக் காட்டும் ஃப்ளோமீட்டரின் குண்டு வழக்கம்போல 2 லிட்டரில்தான் நின்றது. சிலிண்டருக்கு மாற்றியதும் அளவு 91க்கு ஏறியது. பின்னர் பார்த்தால், வடிகட்டிப் பஞ்சில் கம்பளி நூல்துகள் மெத்தையாகப் படிந்திருந்தது. கருவியைத் திருப்பி வைத்திருந்ததால் மஞ்சள் எச்சரிக்கை விளக்கு சுவரைப் பார்த்து எரிந்துகொண்டிருந்தது. குண்டு காட்டுவது காற்றோட்டத்தை மட்டுமே, தூய்மையை அல்ல என்பதை அன்றுதான் எங்கள் பணியாளர்கள் கண்ணால் கண்டார்கள். இப்போது வாரந்தோறும் பஞ்சைக் கழுவி, முழுவதும் உலர்ந்த பிறகே பொருத்துகிறோம்; சுவரிலிருந்தும் திரைச்சீலையிலிருந்தும் ஓரடியாவது தள்ளி வைக்கிறோம்; மாதம் ஒருமுறை அளவியால் தூய்மையைச் சோதிக்கிறோம்.

தீப்பாதுகாப்பில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை: புகைபிடித்தலும் சுடரும் அருகில் கூடாது, மூக்கு வறண்டால் பெட்ரோலியம் ஜெல்லி தடவக் கூடாது. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயுள்ளவர்களுக்கு மருத்துவர்கள் பெரும்பாலும் இரத்த ஆக்சிஜன் 88 முதல் 92 விழுக்காடு வரையே இலக்கு வைப்பதால், எந்தக் கருவியானாலும் மருத்துவர் எழுதித்தந்த ஓட்ட அளவைப் பணியாளர் தாமாக உயர்த்துவதில்லை.

நிமிடத்திற்கு 10 லிட்டர் வரை தரும் செறிவூட்டியைச் சில நாள்களே பயன்படுத்தியிருக்கிறோம். அதன் நீடித்த உழைப்பைப் பற்றிப் பேச அந்த அனுபவம் போதாது. மின்தடைக்கென நிறைந்த சிலிண்டர் ஒன்று சங்கிலியில் கட்டப்பட்டு எப்போதும் நிற்கிறது. மாலைப் பணிமாற்றத்தில் அதன் அழுத்தமானியைப் பார்த்து, வால்வுச் சாவி அருகிலேயே இருக்கிறதா என்று உறுதிசெய்த பின்புதான் பகல் பணியாளர் கையெழுத்திடுகிறார்.