கெமிஸ்ட்ரியா, கெமிக்கல் இன்ஜினியரிங்கா: 50 லிட்டரில் புரிந்த வித்தியாசம்

அக்கா மகள் விண்ணப்பத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டாள்: "சித்தி, எனக்குக் கெமிஸ்ட்ரி பிடிக்கும். அதையே படிக்கவா, இல்ல கெமிக்கல் இன்ஜினியரிங் எடுக்கவா?" யாரையும் கேட்காமல் நான் எடுத்த முடிவு அது. பெயரில் 'கெமிக்கல்' இருக்கிறது, பின்னால் 'இன்ஜினியரிங்'கும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, ஒரே சீட்டில் இரண்டும் கிடைக்கும்போது எதற்கு ஒன்றை விட வேண்டும் என்று சேர்ந்தவள் நான். முதல் வருடம் முடிவதற்குள் அந்தக் கணக்கு தப்பு என்று தெரிந்துவிட்டது. ஆனாலும் இன்றைக்கு மறுபடி தேர்வு செய்யச் சொன்னால் கெமிக்கலைத்தான் எடுப்பேன். நடுநிலையான அலசலை என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

தெரிந்த விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். வேதியியல் பட்டத்தில் கரிமம், கனிமம், இயற்பியல் வேதியியல், பகுப்பாய்வு என்று கடைசி வரை மூலக்கூறுதான் கதாநாயகன். கெமிக்கலில் தொடக்கத்தில் இரண்டு மூன்று தாள்கள், அதோடு பென்சீன் வளையம் விடைபெற்றுக்கொள்ளும். அப்புறம் குழாய், பம்ப், வெப்பம், ஆவி, டிஃபரன்ஷியல் ஈக்குவேஷன். வேதியியலில் சொந்தமாக ஆராய்ச்சி நடத்தும் இடத்துக்குப் போக அநேகமாக பி.எச்.டி. வரை படித்தாக வேண்டும். கெமிக்கலில் முதல் பட்டத்தோடு வேலைக்குப் போகிறவர்களே அதிகம். அந்த வேலை பலருக்கு ஊருக்கு வெளியே, காதடைக்கும் கம்ப்ரசர் சத்தத்தில், இரவு ஷிப்டில் ஆரம்பிக்கும். இதெல்லாம் சேர்க்கைக் கையேட்டிலேயே இருக்கிறது. இதை வைத்து யாரும் முடிவெடுக்க வேண்டியதில்லை.

என்னைப் பொறுத்தவரை முடிவு செய்ய வேண்டிய விஷயம் ஒன்றுதான்: அளவு. அதைப் பாடப் புத்தகம் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, ஒரு வடிகட்டிதான் சொல்லிக்கொடுத்தது.

கடைசி வருட புராஜெக்டில் ஒரு கரிமச் சேர்மத்தைப் படிகமாக்கும் வேலை. என்னோடு சேர்ந்து செய்தவள் வேதியியல் துறைத் தோழி. 500 மில்லி குடுவையில் கரைசலை ஆறவிட்டு, அந்தச் சேர்மம் அதிகம் கரையாத இன்னொரு கரைப்பானைச் சொட்டுச் சொட்டாக விட்டால், கண்ணாடிக்குள் பனி இறங்குவது போலப் படிகம் இறங்கும். தடித்த படிகங்கள், வெளிச்சத்தில் காட்டினால் மின்னும். வடிகட்ட 5 நிமிடம். அதையே 50 லிட்டர் கலனில் செய்தோம். அதே செறிவு, அதே கரைப்பான், வெப்பமானியில் அதே எண். வந்தது சேறு. வடிகட்டியில் ஊற்றினால் மேலே குளம் மாதிரி நிற்கிறது, கீழே குழாயில் அடுத்த சொட்டு வரும்வரை எண்ணிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. மாலை 6 மணிக்கு ஆரம்பித்தோம். விடிந்தும் முடியவில்லை.

என்ன நடந்தது என்று பிறகு உட்கார்ந்து பிரித்துப் பார்த்தேன். குடுவையில் விழும் சொட்டு கண் இமைப்பதற்குள் கலந்துவிடும். 50 லிட்டரில் கரைப்பான் ஒரு குழாய் வழியாக ஒரே இடத்தில் விழுகிறது. கலக்கி அதைச் சுற்றிக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள், விழுந்த இடத்திலேயே லட்சக்கணக்கான பொடிப் படிகங்கள் பிறந்துவிடுகின்றன. பிறந்தவை அத்தனைக்கும் வளரச் சரக்கு போதவில்லை. இன்னொரு பக்கம், கலனைச் சுற்றிக் குளிர்ந்த நீர் ஓடும் உறையின் (ஜாக்கெட்) சுவரை ஒட்டி ஒரு பொருக்கு படிகிறது. அந்தப் பொருக்கே கம்பளி மாதிரி வெப்பத்தைத் தடுக்கிறது. வெப்பமானி இருந்தது நடுவில். சுவரோரத்தில் நடந்தது அதற்குத் தெரியாது. வடிகட்டியின் கதையோ இன்னும் கொடுமை: துகளின் விட்டம் பாதியானால் படிந்த அடுக்கு தரும் எதிர்ப்பு ஏறக்குறைய 4 மடங்கு, பத்தில் ஒன்றானால் 100 மடங்கு. 5 நிமிடம் ஓர் இரவானது அப்படித்தான்.

தோழி என்ன செய்தாள் என்பதையும் சொல்ல வேண்டும். அந்தச் சேற்றில் ஒரு சிட்டிகை எடுத்து படிகத்தின் உள்ளமைப்பைக் காட்டும் எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவுக் கருவியில் வைத்துப் பார்த்துவிட்டு வந்தாள். "ஏய், இது பொடிசா மட்டும் இல்லடி, படிக அமைப்பே வேற. குடுவையில வந்தது இது இல்ல," என்றாள். அது எனக்கு வாழ்நாளில் தோன்றியிருக்காது. எனக்கு ஓடியதெல்லாம் கலக்கியின் வேகம், குழாயின் வாய் எங்கே இருக்க வேண்டும் என்பதுதான். ஒரே சேறு, ஒரே இரவு. அவள் 'இது என்ன' என்று கேட்டாள், நான் 'இது ஏன் இங்கே மட்டும் இப்படி' என்று கேட்டேன். உங்களுக்கு எந்தக் கேள்வி தானாக வருகிறதோ அந்தப் பக்கம் போகலாம் என்பேன்.

அளவு ஏன் இவ்வளவு படுத்துகிறது என்பதற்குக் காரணம் வெறும் வடிவியல். ஒரு கலனின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் 10 மடங்காக்குங்கள். உள்ளே பிடிக்கும் திரவம் 1,000 மடங்கு. சுவரின் பரப்பு 100 மடங்குதான். ஆக ஒவ்வொரு லிட்டருக்கும் முன்பு கிடைத்த சுவரில் பத்தில் ஒரு பங்குதான் இப்போது கிடைக்கிறது. வினையில் பிறக்கும் வெப்பம் கொள்ளளவைப் பொறுத்தது, வெளியேறுவதோ சுவர் வழியாக. டம்ளரில் ஆறிவிடும் வெந்நீர் அண்டாவில் ஆறாதது இதனால்தான். அண்டாவுக்குள் தானே சூடாகும் வினை ஒன்று நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் ஜாக்சன்வில்லில் பதில் கிடைத்தது. 2007 டிசம்பர் 19 அன்று டி2 லேபரட்டரீஸ் என்ற சிறு நிறுவனத்தின் வினைகலன் வெடித்து 4 பேர் இறந்தார்கள். அது அங்கே தயாரித்துவந்த ரசாயனத்தின் 175-ஆவது பேட்ச், அதாவது 175-ஆவது தடவைத் தயாரிப்பு. முந்தைய பேட்ச்கள் ஓடியிருந்தன. இடையில் பேட்ச் அளவையும் மூன்றில் ஒரு பங்கு கூட்டியிருந்தார்கள். குளிர்விக்கும் நீருக்கு மாற்று ஏற்பாடு இல்லை. அந்த நீர் கைவிட்டதும் வெப்பநிலை ஏறி, யாரும் கணக்கில் வைக்காத இரண்டாவது வினை ஒன்று பிடித்துக்கொண்டது.

இதைச் சொல்லி 'கெமிக்கல் படித்திருந்தால் தப்பித்திருப்பார்கள்' என்று முடித்தால் என் கட்சி ஜெயிக்கும். ஆனால் உண்மை அப்படி இல்லை. நிறுவன உரிமையாளர்களில் ஒருவர் வேதியியலாளர், மற்றவர் கெமிக்கல் இன்ஜினியர். இறந்தவர்களில் அந்த இன்ஜினியரும் உண்டு. விசாரித்த அமெரிக்க ரசாயனப் பாதுகாப்பு வாரியம், இளநிலை கெமிக்கல் பாடத்திட்டத்திலேயே கட்டுமீறும் வினைகளின் ஆபத்தைக் கற்பிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. எனவே எந்தக் கல்லூரியைப் பார்த்தாலும் பாதுகாப்பு ஒரு கட்டாயத் தாளாக இருக்கிறதா, இல்லை விருப்பப் பாடமாக ஓரத்தில் கிடக்கிறதா என்று பாருங்கள். பளபளக்கும் ஆய்வகப் புகைப்படங்களைவிட அது அதிகம் சொல்லும்.

அளவின் கதைக்கு நல்ல பக்கமும் இருக்கிறது. 1909-இல் ஜெர்மன் வேதியியலாளர் ஃபிரிட்ஸ் ஹேபர் காற்றின் நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் சேர்த்து மேசை மேல் அம்மோனியாவைச் சொட்ட வைத்துக் காட்டினார். மணிக்கு ஒரு டம்ளர் அளவுக்குக்கூடத் தேறாது. அதை ஆலையாக்கும் பொறுப்பு கார்ல் போஷிடம் வந்தது. அதிக அழுத்தத்தில் ஹைட்ரஜன் எஃகுக்குள் ஊடுருவி அதிலிருக்கும் கார்பனைத் தின்றுவிட, குழாய்கள் சில நாட்களிலேயே நொறுங்கி வெடித்தன. போஷ் உள்ளே கார்பன் இல்லாத மென் இரும்பில் ஒரு மெல்லிய உறை போட்டு, வெளி எஃகில் சிறு துளைகள் இட்டார். கசியும் ஹைட்ரஜன் எஃகைத் தாக்காமல் துளை வழியே வெளியேறிவிடும். 1913-இல் ஜெர்மனியின் ஓப்பாவில் ஆலை ஓடத் தொடங்கியது. துளை போட்டால் உறுதியாகும் என்பதில் எனக்கு இன்றும் ஒரு மயக்கம் உண்டு. ஆனால் போஷ் முனைவர் பட்டம் வாங்கியது வேதியியலில்! உலோகவியலும் இயந்திரவியலும் முன்பே படித்திருந்தார் என்பது எனக்கு ஒரு சின்ன ஆறுதல்.

பட்டத்தின் 'மறுவிற்பனை மதிப்பு' பற்றியும் கேட்பார்கள். 1915-இல் அமெரிக்க வேதியியலாளர் ஆர்தர் லிட்டில் ஒரு யோசனையை முன்வைத்தார்: எந்தத் தொழிற்சாலையானாலும் காய்ச்சி வடித்தல், உலர்த்துதல், வடிகட்டுதல் என்று சில அடிப்படைச் செயல்களாகப் பிரித்துவிடலாம். பெட்ரோலை எடுத்தாலும் மருந்தை எடுத்தாலும் வடிகட்டியின் சமன்பாடு மாறாது. தொழில் ஒன்று படுத்தால் இன்னொன்றுக்குத் தாவ இந்தப் படிப்பு வழி விடுகிறது என்பது என் அனுபவம். நானே ஒருமுறை தாவியிருக்கிறேன். பேட்டரி, செமிகண்டக்டர் பக்கம் இது எவ்வளவு தூரம் செல்லும் என்று என்னிடம் கேட்காதீர்கள், அங்கே நான் வேலை பார்த்ததில்லை. ஆராய்ச்சி வேதியியலாளரின் அன்றாடமும் எனக்குத் தோழி வழியாகத்தான் தெரியும். ஒரு புது மூலக்கூறு முதல்முறை கையில் வரும் நாளைப் பற்றி அவள் பேசும்போது, எனக்குக் கிடைக்காத ஒன்று அவளுக்குக் கிடைத்திருக்கிறது என்று தோன்றும்.

கெமிக்கலில் சலிப்பும் உண்டு, மறைக்கவில்லை. 1925-இல் மெக்கேபும் தீலேவும் கொடுத்த வரைபட முறையில் கலவையைக் காய்ச்சிப் பிரிக்கும் வடிகோபுரத்துக்கு உள்ளே எத்தனை தட்டு வேண்டும் என்று வரைபடத் தாளில் படிக்கட்டு போட்டுக் கண்டுபிடிப்போம். எத்தனால்-நீர் கலவைக்கு வரையும்போது மேலே போகப் போகப் படிகள் எறும்பு அளவாகி, பென்சில் முனையின் தடிமனே படியைவிடப் பெரிதாகிவிடும். எடையில் 95.6 சதவீத எத்தனாலில் வளைகோடும் மூலைவிட்டமும் முட்டிக்கொள்ளும், அதாவது அங்கே ஆவியும் திரவமும் ஒரே கலவைதான். எத்தனை படி போட்டாலும் தாண்ட முடியாது. மூன்று தாளைக் கிழித்துப் போட்ட பிறகுதான், தப்பு என் பென்சிலில் இல்லை, இயற்கை அங்கே கதவைச் சாத்தியிருக்கிறது என்று உறைத்தது. இந்த இடத்தில் எரிச்சல் மட்டும் வருகிறவர்களுக்கு மூன்று வருடம் நீளமாக இருக்கும்.

மெக்கானிக்கலோடு ஒப்பிடச் சொன்னாலும் கேட்பார்கள். வெப்பமும் பாய்மமும் இரண்டிலும் பொது. சுழலும் இயந்திரம் பிடித்தால் அங்கே போகலாம். அதற்கு மேல் சொல்ல எனக்குத் தகுதி இல்லை.

அக்கா மகளுக்கு நான் அறிவுரை சொல்லவில்லை, ஒரு கணக்கு கொடுத்தேன். 100 கிலோ ஈரச் சரக்கு, அதில் 60 சதவீதம் தண்ணீர். உலர்த்தி 20 சதவீதத்துக்குக் கொண்டுவர வேண்டும். எவ்வளவு தண்ணீர் போக வேண்டும்? "40 கிலோ," என்றாள் உடனே. எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள், நானும் அதைத்தான் சொன்னேன். பேசாமல் இருந்தேன். விண்ணப்பத்தின் பின்பக்கம் ஒரு பெட்டி வரைந்தாள்; உள்ளே போகும் அம்பு ஒன்று, வெளியே வரும் அம்பு இரண்டு. திடப்பொருள் 40 கிலோ எங்கேயும் போகாது, கடைசியில் அது 80 சதவீதம், அப்படியானால் மொத்தம் 50. "50 கிலோ போகணும்," என்றாள். பேனாவை மூடப் போனவள் நிறுத்திவிட்டு, "ஆமா சித்தி, அது போக எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டாள். அந்தப் பெட்டியில் அதற்குப் பதில் இல்லை. அது மூன்றாம் வருடத்துப் பாடம் என்றேன்.