சாதா மின்விசிறியா, பிஎல்டிசி விசிறியா?

பழைய விசிறியை மாற்றும்போது பலரும் தயங்குவது இந்த இடத்தில்தான். பிஎல்டிசி (BLDC) என்பது பிரஷ் இல்லாத டிசி மோட்டாரில், சர்க்யூட் போர்டின் கட்டுப்பாட்டில் ஓடும் விசிறி. 1200 மி.மீ. அளவு சீலிங் விசிறியில் இரண்டையும் வைத்துப் பார்ப்போம்.

மின்சாரம்: சாதா, முழு வேகத்தில் சுமார் 75 வாட்ஸ். பிஎல்டிசி, 28 முதல் 35. தினம் 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாத பில்லில் ஒரு விசிறிக்கு ஏறத்தாழ 36 யூனிட் குறையும். தமிழ்நாட்டில் 500 யூனிட்டைத் தாண்டினால் 101 முதல் 200 வரையிலான யூனிட் விலையும் கூடிவிடும். அந்த விளிம்பில் இருப்பவர்களுக்கு இந்த 36 பெரிய விஷயம்.

விலை: சாதா மலிவு. பிஎல்டிசிக்குப் பெரும்பாலும் ஆயிரம் ரூபாய் அளவுக்குக் கூடுதலாக வேண்டும்.

பழுது: சாதாவில் வேகம் குறைந்தால் பெரும்பாலும் கண்டென்சர்தான்; தெருமுனைக் கடையிலேயே மாற்றலாம். பிஎல்டிசியில் போவது சர்க்யூட் போர்டு. பெரும்பாலும் அதே கம்பெனி போர்டுதான் பொருந்தும், காத்திருக்க வேண்டியிருக்கும்.

பொருத்துதல்: பெரும்பாலான பிஎல்டிசி விசிறிகளைச் சுவர் ரெகுலேட்டர் வழியாக இணைக்கக் கூடாது, போர்டு கெடலாம். ரெகுலேட்டரைக் கழற்றி, சுவிட்சிலிருந்து நேரடியாகக் கொடுங்கள்.

படுக்கையறை, கூடம், இன்வெர்ட்டரில் ஓடும் அறை: பிஎல்டிசி. எப்போதாவது திறக்கும் அறைக்கும், பில் 100 யூனிட் இலவசத்துக்குள் அடங்கும் வீட்டுக்கும் சாதாவே போதும்.