ஓநாயா, அடுப்புப் பூனையா? வறுமைத் தொடர்களைத் தமிழாக்கும் மூன்று வழிகள்

ஆங்கில மரபுத்தொடர் ஒன்றைத் தமிழுக்குக் கொண்டுவர மூன்று வழிகள் இருக்கின்றன. சொல்லுக்குச் சொல் அப்படியே இறக்குவது ஒன்று. அந்த இடத்தில் நம்மிடம் புழங்கும் வழக்கை வைப்பது இரண்டாவது. உருவகத்தையெல்லாம் உதறிவிட்டு, சொல்ல வந்ததை வெறும் பேச்சாகச் சொல்லிவிடுவது மூன்றாவது. மொழிபெயர்ப்பைப் பற்றிப் பேசுகிற இடங்களில் இரண்டாவதற்குத்தான் எப்போதும் கைதட்டல். சப்டைட்டில் எழுதிப் பிழைக்கும் எனக்கு, காசும் கஷ்டமும் சார்ந்த தொடர்களில் மட்டும் அந்தக் கைதட்டலில் முழுச் சம்மதம் இல்லை.

வறுமைக்குப் படிகள் உண்டு என்பதுதான் காரணம். மாசக் கடைசியில் கையைப் பிசைகிறவரும் ஒருவேளைக் கஞ்சிக்கு அல்லாடுகிறவரும் ஒரே படியில் நிற்பதில்லை. நம் மொழியில் பளிச்சென்று நிற்கும் வறுமை வழக்குகள் பெரும்பாலும் கீழ்ப்படியைச் சேர்ந்தவை. ஆங்கிலப் படங்களிலும் தொடர்களிலும் வருகிற புலம்பலில் பாதி நடுப்படிக்காரர்களுடையது. ‘நல்ல தமிழ் வழக்கு’ என்று ஆசையாக எடுத்து வைத்தால், ஆள் சட்டென்று இரண்டு படி இறங்கிவிடுவார்.

‘லிவிங் பேசெக் டு பேசெக்’, அதாவது ஒரு சம்பளத்திலிருந்து அடுத்த சம்பளம் வரை ஓட்டுவது என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கத் தொடர்களில் அடிக்கடி காதில் விழும். இதற்கு ‘அன்றாடங்காய்ச்சி’ என்று போடக் கை பரபரக்கும். அழகான சொல்தான். ஆனால் அன்றாடங்காய்ச்சி என்பவர் அன்று கூலி வாங்கி, அன்றே அரிசி வாங்கி, அன்றே உலையில் போடுகிறவர். திரையில் இந்த வசனத்தைப் பேசுகிறவருக்கு வீட்டுக் கடன், கார் கடன், இரண்டு கிரெடிட் கார்டு. ஒரு சம்பளம் தள்ளிப்போனால் அவருக்குத் தவணை தவறும், உலை நிற்காது. ‘சம்பளம் வந்ததும் இஎம்ஐக்கே சரியாப் போகுது’ என்று எழுதினால் உருவகம் ஒன்றும் இல்லை, மரபும் இல்லை, ஆனால் ஆள் தன் படியிலேயே நிற்கிறார். இங்கே மூன்றாவது வழிக்கே என் ஓட்டு.

‘மேக் எண்ட்ஸ் மீட்’ இதற்குப் பக்கத்து வீடு. இரண்டு முனைகளைச் சேர்ப்பது. பிரெஞ்சுக்காரர்களும் இரண்டு முனைகளைத்தான் சேர்க்கிறார்கள். ஸ்பானியர் மாசக் கடைசி வரை போய்ச் சேர்கிறார்கள். ஜெர்மானியர் குத்துச்சண்டை வீரர் மாதிரி எல்லாச் சுற்றுகளையும் எப்படியோ தாக்குப்பிடித்து முடிக்கிறார்கள். உருவகம் மூன்று விதம், ஆனால் படி ஒன்றே: வருமானம் இருக்கிறது, மிச்சம் இல்லை. தமிழில் ‘இரு முனைகளையும் இணைக்கப் போராடுகிறேன்’ என்று எழுதினால் வாசகர் கயிற்றைத் தேடுவார். ‘வயிற்றுப்பாடே திண்டாட்டம்’ என்றால் படி இறங்கிவிடும். ‘வரவுக்கும் செலவுக்கும் சரியா இருக்கு’ என்று நாம் தினமும் சொல்வது போதும். இதை வழக்கு என்பதா, வெறும் பேச்சு என்பதா? எனக்கு இரண்டும் சம்மதமே.

இனி ஓநாய். ‘கீப் த உல்ஃப் ஃப்ரம் த டோர்’ என்றால் வாசலுக்கு ஓநாய் வராமல் பார்த்துக்கொள்வது, அதாவது பசி அண்டாத அளவுக்குச் சம்பாதிப்பது. அங்கே பசி வெளியிலிருந்து வருகிற மிருகம். நம்மிடம் அது ஏற்கெனவே வீட்டுக்குள் வந்து படுத்திருக்கிறது: ‘அடுப்பில் பூனை தூங்குது’. இது நெடுங்கால வழக்கம். புறநானூற்றின் 164ஆம் பாட்டில் பெருந்தலைச் சாத்தனார் குமணனிடம் தன் வீட்டு நிலைமையைச் சொல்லும்போது, சமையலையே மறந்துபோன அடுப்பில் காளான் பூத்திருக்கிறது என்கிறார். அடுப்பைக் காட்டினால் போதும், தமிழ்க் காதுக்கு மற்றது புரிந்துவிடும்.

அதனால் நாவல் என்றால் ஓநாயை விரட்டிவிட்டுப் பூனையைக் கூப்பிடலாம். ஒரு சின்ன வேலை மட்டும் இருக்கிறது. ஆங்கிலத்தில் ஓநாய் இன்னும் வரவில்லை. தமிழில் பூனை படுத்தேவிட்டது. எனவே ‘ஏதோ அடுப்புல பூனை படுக்காம ஓடுது’ என்று எதிர்மறையாகத் திருப்ப வேண்டும். திருப்பினால் அளவு கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் இதே வரி சப்டைட்டிலில் எடுபடாது. பேசுகிறவர் பின்னால் நான்கு பர்னர் கேஸ் அடுப்பு பளபளவென்று நிற்கும். பார்க்கிறவர் பூனையை அதில் எங்கே படுக்க வைப்பார்? ‘கஞ்சி குடிக்கிறோம்’ என்றாலும் தட்டில் ரொட்டி இருக்கும். ‘ஏதோ பட்டினி இல்லாம ஓடுது’ என்று எழுதிவிட்டு நகர வேண்டியதுதான். ஒரே தொடருக்குப் புத்தகத்தில் ஒரு விடை, திரையில் இன்னொரு விடை.

அப்படியானால் திரையில் தமிழ் வழக்கே ஆகாதா? அப்படியும் இல்லை. ‘லூஸ் ஒன்ஸ் ஷர்ட்’, சட்டையை இழப்பது, பங்குச்சந்தைக் கதைகளில் வரும். இதற்கு ‘தலையில துண்டு விழுந்துடுச்சு’ என்று தாராளமாகப் போடலாம். அவர்களுக்கு ஒரு துணி போகிறது, நமக்கு ஒரு துணி சேருகிறது. நஷ்டம் என்னவோ ஒன்றுதான். கோட்டு சூட்டுப் போட்டவர் தலையில் யாரும் துண்டைத் தேடுவதில்லை. துண்டு புழங்கிப் புழங்கித் தேய்ந்துவிட்டது, உருவகமாகவே இப்போது கண்ணில் படுவதில்லை. பூனை அப்படி இல்லை, சொன்னதும் எழுந்து நிற்கும். தேய்ந்த வழக்கு ஊர் தாண்டும். கண்ணில் தெரிகிற வழக்கு தன் ஊரையும் கூட்டிக்கொண்டு வரும். ‘மஞ்சக் கடுதாசி கொடுத்துட்டான்’, ‘ஐபி போட்டுட்டான்’ இரண்டும் பின்னால் சொன்ன வகை. ஐபி என்பது நம் நீதிமன்றத்து இன்சால்வென்சி பெட்டிஷன். அதற்கான மாகாணத் திவால் சட்டம் 1920ஆம் வருஷத்தது. சிகாகோ கடைக்காரர் வாயில் அது ஒட்டாது. ‘போண்டி ஆயிட்டான்’ என்றால் எந்த ஊரிலும் செல்லும்.

விலை பற்றிய தொடர்களில் இந்தச் சிக்கலே இல்லை, விலைக்குப் படி கிடையாது. ‘ஒரு கையும் ஒரு காலும் விலை’ என்று நேராக எழுதினால் விபத்துச் செய்தி ஆகிவிடும். பிரெஞ்சுக்காரர் தலையிலுள்ள கண்களையும், ஸ்பானியர் முகத்திலுள்ள ஒரு கண்ணையும் விலையாகக் கொடுக்கிறார்கள். நாம் உடம்பில் கைவைக்காமல் ‘யானை விலை குதிரை விலை சொல்றான்’ என்று முடித்துக்கொள்கிறோம். ‘பென்னி வைஸ், பவுண்ட் ஃபூலிஷ்’ இன்னும் சுலபம். 1971க்கு முன்னால் ஒரு பவுண்டுக்கு 240 பென்னி என்று அடிக்குறிப்பு போடுவதைவிட, ‘கடுகு போன இடம் ஆராய்வார், பூசணிக்காய் போன இடம் தெரியாது’ என்று எழுதிவிடலாம்.

நேரடி மொழிபெயர்ப்பு ஜெயிக்கிற இடமும் உண்டு. 2012 செப்டம்பர் 21 அன்று, டீசல் விலை உயர்வுக்கும் சில்லறை வணிகத்தில் அந்நிய முதலீட்டுக்கும் விளக்கம் சொல்லத் தொலைக்காட்சியில் பேசிய பிரதமர் மன்மோகன் சிங், பணம் மரத்தில் காய்ப்பதில்லை என்றார். இதைத் தமிழாக்க யாரும் மூளையைக் கசக்க வேண்டாம்; ‘பணம் என்ன மரத்திலயா காய்க்குது?’ என்று கேட்காத வீடு உண்டா? ஒரே ஒரு வினைச்சொல்லில்தான் கவனம். ‘மரத்தில் வளராது’ என்று எழுதினால் ஆங்கில வாடை அடிக்கும். ‘காய்க்காது’ என்றால் பிறந்த ஊரே தெரியாது.

மாட்டிக்கொள்ளும் இடங்கள் இரண்டைச் சொல்ல வேண்டும். ‘சர்ச் எலி மாதிரி ஏழை’ என்பது ஒன்று. சர்ச்சில் சமையல்கட்டு இல்லை, அதனால் அங்கே எலிக்குத் தின்ன ஒன்றுமில்லை. இதைத் தமிழ்ப்படுத்துகிறேன் என்று ‘கோயில் எலி’ ஆக்கினால் கெட்டது. மடப்பள்ளி இருக்கிற கோயிலில் எலியைப்போல வசதியான பிராணி வேறு கிடையாது, பிள்ளையாரின் சிபாரிசு வேறு! இன்னொன்று ‘ராபிங் பீட்டர் டு பே பால்’, பீட்டர் என்பவரிடம் பறித்துப் பால் என்பவருக்குக் கொடுப்பது. ‘கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதை’ என்று எழுதியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். வடிவம் பொருந்துகிறது, விஷயம் பொருந்தவில்லை. கடைத்தேங்காய் உடைப்பவர் அடுத்தவர் காசில் புண்ணியம் தேடுகிறவர். பீட்டர்-பால் ஆசாமி கடனுக்குக் கடன் வாங்கி மூச்சுத் திணறுகிறவர். அவரைப் பற்றி நம் கடைத்தெருவில் ஒரே சொல்லில் சொல்வார்கள்: ‘ரொட்டேஷன்ல ஓடுது’. அகராதிக்காரர்கள் முகம் சுளிக்கலாம். நான் அதைத்தான் போடுவேன்.

கடைசியாக, பெல்ட்டை இறுக்குவது. ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் இது அப்படியே இருக்கிறது. தமிழில் ‘வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி’ இதைவிட நெருக்கமாகவே இருக்கிறது, பேசுகிறவர் பிள்ளைக்கு ஃபீஸ் கட்டுகிற அம்மாவாக இருந்தால். பேசுகிறவர் நிதியமைச்சராக இருந்தால் ‘சிக்கன நடவடிக்கை’ போதும். கட்டப்படுவது அவர் வயிறு அல்லவே.